நாற்காலிகள் பார்க்கும் திசை

கல்யாணத்துக்கு வாசிக்க வேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், தேதியைக் குறித்துக்கொண்டதும் நான் கேட்பது, "எந்த மண்டபம்?" மண்டபத்தின் பெயர் வந்ததும் அடுத்த கேள்வி: "எங்களை எங்கே உட்கார வைக்கப்போறீங்க?" இதற்குப் பாதிப் பேரிடம் பதில் இருக்காது. "அதெல்லாம் ஈவென்ட்காரங்க பாத்துப்பாங்க மேடம்" என்பார்கள். மூன்றாவதாக ஒன்று கேட்பேன்: "நாற்காலியெல்லாம் எந்தப் பக்கம் பார்த்துப் போட்டிருக்கும்?" இதைக் கேட்டதும் எதிர்முனையில் சில விநாடி பேச்சு நின்றுபோகும்.

நாற்பது வருஷத்துக்கும் மேலாக வயலின் வாசிக்கிறேன். சபாக்களில் வாசித்ததைவிடக் கல்யாணங்களில் வாசித்ததுதான் அதிகம். அதைச் சொல்வதில் எனக்குக் குறை எதுவும் இல்லை. என் தலைமுறைக்கு முந்தைய பெரிய வித்வான்கள் பலரும் கல்யாணக் கச்சேரி செய்தவர்கள்தான். டிக்கெட் வாங்கிச் சபாவுக்குப் போக முடியாத பலரும் அவர்களைக் கேட்டது கல்யாணப் பந்தல்களில்தான். ஆனால் இந்த மூன்றாவது கேள்வியை நான் கேட்கத் தொடங்கி இருபது வருஷம்தான் ஆகிறது. அதற்கு முன் அதைக் கேட்க அவசியமே வரவில்லை.

1977, வைகாசி மாதம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில், அரசலாற்றங்கரையில் ஒரு கிராமம். எனக்குப் பதினாலு வயது. எங்கள் சார் (வயலின் சொல்லிக்கொடுத்தவரை நாங்கள் எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம்) அந்தக் கல்யாணத்தில் வாய்ப்பாட்டுக்குப் பக்கவாத்தியம். "பின்னாடி உட்கார்ந்து வாசி. சந்தேகம் வந்தா வில்லைத் தூக்கிடு" என்று சொல்லி என்னையும் கூட்டிப்போனார்.

தெருவையே அடைத்துக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார்கள். தரையில் ஆற்று மணல் பரப்பி, தண்ணீர் தெளித்து, அதன்மேல் பாயும் ஜமக்காளமும் விரித்திருந்தார்கள். பள்ளிக்கூடத்திலிருந்து கொண்டுவந்த நாலு பெஞ்சுகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியதுதான் மேடை. அதற்கு நேர் எதிரே, முதல் வரிசையில் இரண்டு மர நாற்காலிகள். அவற்றில் பெண்ணும் மாப்பிள்ளையும் மாலையோடு உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணின் மடியில் அவளுடைய குட்டித் தம்பி தூங்கிக்கொண்டிருந்தான். அவர்களுக்குப் பின்னால் ஊர் முழுக்கத் தரையில். யாரும் அவர்களைப் பார்த்து உட்காரவில்லை. அவர்களும் ஊரோடு சேர்ந்து எங்களைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அன்று அது எனக்கு ஒரு விசேஷமாகவே படவில்லை.

தென்னங்கீற்றுக்கு ஒரு குணம் உண்டு. சத்தத்தைக் குடித்துவிடும். மேலே ஓலை, தாங்குவதற்கு மூங்கில், கீழே மணல், பக்கத்தில் சுவர் என்பதே கிடையாது. எதிரொலிக்கு வழியில்லை. ஒரு கமகம் எந்த இடத்தில் முடிகிறது என்பது வாசிக்கிறவருக்கும் தெரியும், பத்தாவது வரிசையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பாட்டிக்கும் தெரியும். அதனால் தப்பும் தெரியும். அன்று ஒரு கல்யாணி ஸ்வரத்தில் நான் தடுமாறியபோது சார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்தார். அவ்வளவுதான். அந்தப் பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மைக் ஒன்றே ஒன்று, பாடுகிறவருக்கு முன்னால். அஹுஜா ஆம்ப்ளிஃபையரும், தெருக்கோடித் தென்னை மரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கியும் அக்கரையில் இருக்கிறவர்களுக்காக. பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மூன்று மணி நேரம் வாசித்தோம். தனி ஆவர்த்தனம் நடக்கும்போது சமையல்காரர் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பந்தக்காலில் சாய்ந்து நின்றார். முடிந்தபிறகுதான் உள்ளே போய் இலை போடச் சொன்னார். எனக்குப் பத்து ரூபாயும், தாம்பூலத்தோடு ஒரு பாவாடைத் துணியும் கொடுத்தார்கள். அன்று இரவு மணமகள் வீட்டுப் பெண்களோடு திண்ணையில் படுத்துத் தூங்கி, காலையில் முதல் பஸ்ஸில் ஊர் திரும்பினோம்.

இதை எழுதும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அது பொய்யாகிவிடும். அந்தப் பந்தலுக்குள் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. அக்கரைக்கு ஒலிபெருக்கி எதற்கு என்று நான் வளர்ந்தபிறகுதான் யோசித்தேன். இக்கரைக்கு வர முடியாதவர்கள் அங்கே இருந்தார்கள். காலையில் முகூர்த்தத்துக்கு நாதஸ்வரம் வாசித்த வித்வான், எங்களுக்கெல்லாம் இலை போட்ட பந்தியில் உட்காரவில்லை. அவர் வாசிப்பைத் தலையில் வைத்துக் கொண்டாடிய அதே ஊர்தான் அவருக்குத் தனி இடம் ஒதுக்கியது. இப்போதிருக்கும் குளிரூட்டிய மண்டபங்களைப் பற்றி எனக்கு எவ்வளவோ வருத்தம் உண்டு. பணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், விருந்தினர் எல்லோருக்கும் ஒரே பந்தி என்ற ஒரு விஷயத்தில் அவை அந்தப் பந்தலைவிட உயர்ந்தவை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது.

எண்பதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிச் சென்னைக்கு வந்தேன். இங்கே தெருவில் பந்தல் போட இடமில்லை. கல்யாணங்கள் மண்டபத்துக்குப் போய்விட்டிருந்தன. தேனாம்பேட்டையில் அபட்ஸ்பரி அப்போது பெரிய பெயர். பழைய பங்களாவும் சுற்றிலும் தோட்டமுமாக இருந்த இடம். அங்கே கல்யாணம் நடத்துவதே ஒரு அந்தஸ்து. அந்த மனையில் இன்று ஹயாத் ரீஜென்சி ஹோட்டல் நிற்கிறது. தி.நகர், மயிலாப்பூர், மாம்பலம் பக்கமெல்லாம் புதிது புதிதாக மண்டபங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. மாப்பிள்ளை அறை, பெண் அறை, சமையல்கட்டு, கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே மணமேடை. வாடகைக்கு எடுத்தால் பாய், தலையணை, அண்டா, குண்டா எல்லாம் அதிலேயே அடக்கம். வித்வான்களுக்கு என்று ஓர் அறை மட்டும் எந்த மண்டபத்திலும் கிடையாது. புடவை மாற்ற நான் பெண் அறைக் கதவைத் தட்டி, உள்ளே அலங்காரத்துக்கு நடுவில் ஒரு மூலை கேட்டு வாங்க வேண்டியிருந்தது. ஆண் வித்வான்களுக்கு இந்தச் சிரமம் தெரியவே தெரியாது.

மண்டபம் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் எதிரொலி. மொசைக் தரை, டிஸ்டெம்பர் அடித்த சுவர், தட்டைக் கான்கிரீட் கூரை, முப்பது மின்விசிறிகள். வில்லை இழுத்தால் அந்த ஸ்வரம் போய்ச் சுவரில் மோதித் திரும்பி வருவதற்குள் அடுத்த ஸ்வரம் கிளம்பியிருக்கும். துரித காலத்தில் ஸ்வரம் வாசித்தால் கூழாகிவிடும். கீழே பந்தியில் எவர்சில்வர் வாளி விழுந்தால் அது எங்கள் தாளத்தில் விழும். சார் அப்போதும் ஊரிலிருந்து கச்சேரிக்கு வருவார். அவர் சொன்ன வழி எளியது: "ஹால் பதில் சொல்லி முடிக்கட்டும், அப்புறம் நீ பேசு." நீண்ட வில், நிதானமான காலப்பிரமாணம், ஆலாபனையில் ஸ்வரத்துக்கு ஸ்வரம் இடைவெளி. மண்டபக் காலத்தில் என் வாசிப்பே மாறியது. நல்லதற்கா கெட்டதற்கா என்று கேட்டால், நல்லதற்கு என்றுதான் சொல்வேன். அவசரத்தை என் கையிலிருந்து எடுத்தது சென்னை மண்டபங்கள்தான்.

இடத்துக்கு ஏற்ப வாத்தியத்தை மாற்றியவர்கள் எங்களுக்கு முன்னாலும் உண்டு. மைசூர் சௌடையா, கூட்டத்தின் கடைசி வரிசைக்கு வயலின் கேட்கவில்லை என்பதற்காக நாலு தந்திக்குப் பதில் ஏழு தந்தி போட்டு வாசித்தார். மைக் பரவாத காலம் அது. பெங்களூரில் அவர் பெயரில் ஒரு நினைவு மண்டபம் இருக்கிறது. கட்டடமே வயலின் வடிவம். மைக் பரவியபிறகு அதை எதிர்த்து நின்றவர் மிருதங்க வித்வான் பாலக்காடு மணி ஐயர். ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி செய்ய வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சார் இந்த இருவரையும் சேர்த்தே சொல்வார். ஒருவர் பெரிய இடத்துக்காக நாதத்தைப் பெரிதாக்கினார், இன்னொருவர் நாதத்துக்காகச் சின்ன இடத்தைக் கேட்டார். இரண்டு பேருக்கும் கவலை ஒன்றே என்பார்.

மண்டபங்களில் கேட்கிறவர்கள் இருந்தார்கள், அதுதான் முக்கியம். இரும்பு மடக்கு நாற்காலிகள் வரிசையாகக் கச்சேரி மேடையைப் பார்த்து இருக்கும். மணமக்கள் பக்கவாட்டில் ஒரு சோபாவில். வருகிறவர்கள் நேரே அவர்களிடம் போய்ப் பரிசைக் கொடுத்துவிட்டு, வந்து உட்கார்ந்து இரண்டு உருப்படி கேட்டு, பிறகு சாப்பிடப் போவார்கள். குன்னக்குடி வைத்தியநாதனின் வயலினும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலும் சேர்ந்து பெரும் கூட்டத்தைக் கட்டிப்போட்டுக்கொண்டிருந்த காலம். அதனால் எங்களைப் போன்றவர்களிடமும் "குன்னக்குடி மாதிரி ஒரு சினிமாப் பாட்டு வாசிங்களேன்" என்று சீட்டு வரும். வாசிப்போம். வயலின் தனியாகவே ஒரு மேடையைத் தாங்கும் என்று ஜனங்களுக்குக் காட்டியவர் அவர். என் போன்ற பெண்களுக்குத் தனி வயலின் என்று கல்யாணங்களில் அழைப்பு வரத் தொடங்கியது அந்த அலையில்தான்.

பிறகு வீடியோ வந்தது.

இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எண்பதுகளின் நடுவில் கல்யாணங்களில் வீடியோ எடுப்பது பரவியபோது, கூடவே பெரிய ஒளிவிளக்கு ஒன்றும் வந்தது. ஒருவர் கேமராவைத் தோளில் வைத்துக்கொள்வார். இன்னொருவர் நீண்ட ஒயரோடு விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவார். அது என் பக்கம் திரும்பினால் பத்து விநாடியில் தந்தி சூடேறித் தளர்ந்து ஸ்ருதி கீழே இறங்கும். கண் கூசும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்த விளக்கு எங்கே எரிகிறதோ அங்கேதான் எல்லோரும் பார்த்தார்கள். அது மணமக்கள்மீது எரிந்தது. பரிசு கொடுக்கிறவர்கள் கேமராவுக்காக நிற்க ஆரம்பித்தார்கள். நின்றதும் வரிசை உண்டானது. வரிசைக்கு இடம் வேண்டியிருந்ததால் மணமக்களின் சோபா பக்கவாட்டிலிருந்து நடுமேடைக்கு நகர்ந்தது. சோபா நடுவே வந்ததும் கச்சேரி மேடை ஓரத்துக்குப் போனது. அதன்பின் நாற்காலிகளை யாரும் திருப்பிப் போட வேண்டியிருக்கவில்லை. நாங்கள்தான் இடம் மாறியிருந்தோம். கல்யாணக் கச்சேரி குறைந்துபோனதற்கு ஜனங்களின் ரசனை கெட்டுவிட்டது என்று என் சக கலைஞர்கள் பலர் சொல்வார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. அதே ஜனங்கள்தான். பார்க்கிற பக்கம் மாறிவிட்டது. தனக்கு முதுகுப்புறம் நடக்கிற கச்சேரியை எந்த ரசிகனாலும் கேட்க முடியாது.

கீற்றுப் பந்தலுக்கும் அப்படித்தான் ஒரு முடிவு வந்தது, ஆனால் கொடூரமாக. 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுக் கூரையில் தீப்பிடித்து, மாப்பிள்ளை உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வீடியோ எடுப்பதற்காகக் கொடுத்திருந்த மின் இணைப்பிலிருந்து பொறி கிளம்பியது என்றார்கள். அதே வருஷம் ஜூலையில் கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கீற்றுக் கூரை எரிந்து 94 குழந்தைகள் போனார்கள். நான் வளர்ந்த ஊர். அன்றைக்கு நான் வில்லைத் தொடவில்லை. நாதத்துக்குக் கீற்றைப் போல ஒரு கூரை கிடையாது என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அந்தக் கூரையைத் திரும்பக் கொண்டுவாருங்கள் என்று யாரிடமும் கேட்க எனக்கு வாய் வராது.

இன்றைய இடங்களுக்கு வருகிறேன். குளிரூட்டிய மண்டபம், ஹோட்டல் பால்ரூம், கன்வென்ஷன் சென்டர், கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட். எதிரொலிப் பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. கம்பளம் விரித்த தரை, பஞ்சு வைத்த நாற்காலி, தாழ்ந்த ஃபால்ஸ் சீலிங் எல்லாம் சேர்ந்து சத்தத்தை அடக்கிவிடும். ஆனால் கீற்று அடக்குவது வேறு, இது அடக்குவது வேறு. ஓலை எதிரொலியை மட்டும் எடுத்துக்கொண்டு நாதத்தை விட்டுவைக்கும். இங்கே நாதமே கிளம்பிய இடத்தில் படுத்துவிடும். மைக்கும் மானிட்டரும் இல்லாமல் நான் வாசிப்பது எனக்கே கேட்காது.

குளிர் இன்னொரு சங்கதி. கமகத்துக்கு விரல் வழுக்கிப் போக வேண்டும் என்பதற்காக இடது கைவிரலில் துளித் தேங்காய் எண்ணெய் தொட்டுக்கொள்வது எங்கள் வழக்கம். சின்ன டப்பாவில் எண்ணெயில் நனைத்த பஞ்சு எப்போதும் வயலின் பெட்டிக்குள் இருக்கும். அந்த டப்பா இந்த மண்டபங்களில் அரை மணியில் உறைந்து வெள்ளைக் கட்டியாகிவிடும். உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து உருக்கித்தான் தொட்டுக்கொள்ள வேண்டும். வெளியே சித்திரை வெயிலில் காரிலிருந்து இறங்கி உள்ளே வந்தால் குளிரில் உலோகத் தந்தி இறுகி ஸ்ருதி ஏறும். மேடை விளக்குகளைப் போட்டதும் இறங்கும். நாளடைவில் ஏசியின் வறட்சியில் மரம் சுருங்கி, தந்தியை முறுக்கும் பிருடை நழுவும். குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகப் போய்ப் பெட்டியைத் திறந்து வைத்து, வாத்தியம் அந்த இடத்துக்குப் பழகட்டும் என்று காத்திருக்க வேண்டும். ஆனால் பூ அலங்காரமும் விளக்கு வேலையும் முடிந்திருக்காததால் அந்த ஒரு மணி நேரம் எனக்குக் கிடைப்பதில்லை.

கடற்கரை ரிசார்ட்டில் இதற்கு நேர் எதிர். கோவளம், மாமல்லபுரம் பக்கம் மாலையில் கடல் காற்று ஈரத்தையும் உப்பையும் கொண்டுவரும். வில்லில் கட்டியிருக்கும் குதிரை முடி ஈரத்தில் தொய்ந்துவிடும். தேய்த்த ரோசின் பிசுபிசுக்கும். பிருடை ஊதிப்போய்த் திருக வராது. மெல்லிய தந்தி இரண்டே கச்சேரியில் துருப்பிடிக்கும். அலைச் சத்தத்துக்கு நடுவே தம்புரா ஸ்ருதியைப் பிடிக்கவே காது திணறும். எனக்கு வயலின் வாசிக்கச் சற்றும் பொருந்தாத இடம் எது என்று கேட்டால் கடற்கரை என்பேன். புகைப்படத்தில் அதைவிட அழகாக வரும் இடம் வேறு இல்லை என்பதும் உண்மை. திறந்த வெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டிலிருந்து விதி இருப்பதால், நிகழ்ச்சி தாமதமாகும்போது முதலில் வெட்டுவது எங்கள் நேரத்தை. வரவேற்பு நடனம் அப்படியே இருக்கும், டிஜேயும் இருப்பார். வயலின் இருபது நிமிஷமாகச் சுருங்கும்.

உட்காரும் விதம்கூட இப்போது கேள்வியாகிவிட்டது. சில வருஷங்களுக்கு முன் ஒரு பெரிய ஹோட்டலில் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் ஒருவர், நல்ல பையன், மரியாதையாகத்தான் கேட்டான்: "மேடம், நீங்க ஒவ்வொரு டேபிளாப் போய் நின்னு வாசிக்க முடியுமா? கெஸ்ட்டுக்கு நல்லா இருக்கும்." அவனுக்கு உட்கார்ந்து காட்டினேன். நாங்கள் தரையில் சம்மணம் போட்டு, வலது காலைச் சற்று முன்னே விட்டு, வயலினின் தலையைக் கணுக்காலுக்கருகே பாதத்தில் ஊன்றுகிறோம். அடிப்பக்கம் இடது தோளுக்கும் மார்புக்கும் இடையே பதிந்திருக்கும். அப்போது வாத்தியத்தின் பாரம் கையில் இல்லை. இடது கை முழுக்கச் சுதந்திரமாகத் தந்திமேல் ஏறி இறங்கும். தோடியில் காந்தாரம் அசைகிறதே, அது இந்தச் சுதந்திரத்தில் பிறப்பது. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் ஐரோப்பியரிடமிருந்து இந்த வாத்தியத்தைக் கற்றுக்கொண்டு இருநூறு வருஷம் ஆகிறது. மோவாய்க்கட்டையிலிருந்து அதைக் காலுக்கு இறக்கியதால்தான் அது நம் வாத்தியமானது. "எனக்கு நாலடிக்கு நாலடி தரை போதும் தம்பி, ஆனா தரை வேணும்" என்றேன். அவன் புரிந்துகொண்டான். நுழைவாயிலில் பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மேடை போட்டுக் கொடுத்தான். அன்றைக்கு என்னைக் கடந்து போனவர்கள் அறுநூறு பேராவது இருப்பார்கள். நின்றவர்கள் நாலு பேர். சாப்பாட்டு நேரத்தில், 'வெண்டர்' என்று அச்சடித்த கூப்பனைக் கொடுத்து, சர்வீஸ் லிஃப்ட்டில் கீழே போய்ச் சாப்பிடச் சொன்னார்கள். நாதஸ்வர வித்வானைத் தனியே உட்கார வைத்த அந்தப் பழைய பந்தி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது. காரணம் வேறு, இடம் வேறு. ஆனால் அவர் மனசு அன்றைக்கு எப்படி இருந்திருக்கும் என்று நாற்பது வருஷம் கழித்து ஒரு சொட்டு எனக்குத் தெரிந்தது.

என் மாணவிகள் இதே இடங்களில் நிமிர்ந்து நிற்கிறார்கள், அதையும் சொல்ல வேண்டும். இருபத்தாறு வயதுப் பெண் ஒருத்தி மின் வயலினைத் தோளில் வைத்துக்கொண்டு, காதில் மானிட்டர் மாட்டி, பக்கத்தில் கீபோர்டும் தபேலாவும் கஹோனும் வைத்து, மேடையில் நடந்துகொண்டே வாசிக்கிறாள். மின் வயலினுக்கு ஹாலின் குணம் பொருட்டில்லை. நாதம் நேரே ஒயரில் போகிறது. எல்இடி சுவரும் டிம்மரும் கிளப்பும் இரைச்சலை எப்படி அடக்குவது என்று சவுண்ட் இன்ஜினியரிடம் அவரது பாஷையிலேயே பேசுகிறாள். முன்பணம் வங்கியில் விழுந்தால்தான் கிளம்புகிறாள். உடை மாற்றத் தனி அறை வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குகிறாள். பெண் அறைக் கதவைத் தட்டி நின்ற எனக்கு அதைப் படிக்கும்போது கண் நிறைந்தது. சபையைப் பார்த்து மோகனத்தில் தொடங்கி, இளையராஜா பாட்டுக்குள் நுழைந்து, மீண்டும் மோகனத்துக்கே வந்து முடிக்கிறாள். கூட்டம் கைதட்டுகிறது. ஆனால் அவளே ஒருநாள் என்னிடம் சொன்னாள்: "ஆலாபனை பண்ணி மூணு வருஷமாச்சு டீச்சர். அதுக்கு ஒரு இடம் கிடைக்கல."

அந்த இடம் எனக்கு 2020இல் கிடைத்தது. கொரோனாவால் கல்யாணத்துக்கு 50 பேருக்குமேல் கூடாது என்று இருந்த மாதங்கள். ஒரு குடும்பத்தார் மண்டபத்தை ரத்து செய்துவிட்டு, மயிலாப்பூரில் தாத்தா காலத்து வீட்டில் கல்யாணத்தை வைத்தார்கள். நடுவே முற்றம், சுற்றிலும் மரத்தூண் வைத்த கூடம். முப்பத்தைந்து பேர்தான் வந்திருந்தார்கள். முகக்கவசத்தோடு மாலையில் நானும் ஒரு மிருதங்கக்காரரும் மட்டும். "மைக் ஏற்பாடு பண்ணலை, பரவாயில்லையாம்மா?" என்று பெண்ணின் அப்பா சங்கடப்பட்டார்.

முற்றத்தின் ஓரத்தில் பாய் விரித்து உட்கார்ந்தோம். மேடை இல்லாததால் மணமக்களுக்கு நிற்க வேறு இடமில்லை; எங்களுக்கு எதிரே ஊஞ்சலில் உட்கார்ந்தார்கள். வெளியே தெருவில் ஒரு வண்டி ஓடவில்லை. ஆனந்தபைரவியில் முதல் வில் எடுத்தேன். நாதம் முற்றத்து வழியே மேலே போயிற்று. ஊஞ்சல் சங்கிலி லேசாகக் கிறீச்சிட்டது. பெண் காலை ஊன்றி ஆட்டத்தை நிறுத்தினாள். அதை நான் கவனித்தேன். கச்சேரிக்காக ஒரு மணப்பெண் ஊஞ்சலை நிறுத்துவதை அதற்கு முன் எப்போது பார்த்தேன் என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. ஒன்றே கால் மணி நேரம் வாசித்தோம். இருபது நிமிஷம் கல்யாணி ஆலாபனை. அங்கே இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு ராகத்தின் பெயர் தெரிந்திருக்காது. ஒருவரும் எழுந்திருக்கவில்லை. ஐ.டி.யில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன், முடிந்ததும் வந்து, "இவ்வளவு கிட்டத்துல வயலினை நான் கேட்டதே இல்ல ஆன்ட்டி, வில்லு தந்தியில உரசுறதுகூடக் கேட்குது" என்றான்.

கட்டுப்பாடுகள் போனபிறகு அந்த வீட்டுத் தங்கையின் கல்யாணம் கன்வென்ஷன் சென்டரில் நடந்தது. என்னையே அழைத்தார்கள். அக்காவின் கல்யாணத்தில் கேட்டது அவர்களுக்கு மனதில் நின்றிருந்தது. இந்த முறை என் மூன்றாவது கேள்வியைக் கேட்டதும் பெண்ணின் அப்பா தயங்காமல் சொன்னார்: "உங்க பக்கம் கொஞ்சம் நாற்காலியைத் திருப்பிப் போடச் சொல்லிட்டேன்." ஆயிரம் பேர் வந்த ஹாலில், வலது மூலையில், எங்களைப் பார்த்து நாலு வரிசை. முதல் வரிசையில் வீட்டுப் பெரியவர்கள். மணமக்கள் மேடை ஏறுவதற்கு முன் நாற்பது நிமிஷம் எங்களுக்கு. புகைப்பட வரிசை அப்புறம்தான் தொடங்கியது. நாலு வரிசையும் நிறைந்து, பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்று கேட்டார்கள். அன்றைக்கு நான் ஒரு சின்ன ஆலாபனையும் செய்தேன்.

உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வயலினோ வீணையோ வைப்பதாக இருந்தால், உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான். எங்களைப் பெரிய மேடையில் ஏற்ற வேண்டாம், பன்னீர்ச் சொம்புக்குப் பக்கத்திலும் வைக்க வேண்டாம். உட்காரத் தரை கொடுங்கள். ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாகப் போட்டு, வாத்தியம் பழக விடுங்கள். வீட்டோடு சேர்த்து ஒரு பந்தியில் இலை போடுங்கள். புகைப்பட வரிசை தொடங்குவதற்கு முன் அரை மணி நேரம் ஒதுக்கி, நாற்பது நாற்காலிகளை எங்கள் பக்கம் திருப்பிப் போடச் சொல்லுங்கள். மண்டபத்துக்காரர் இதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார்.